மூணு புள்ளைங்க, ஒருத்திக்கு மட்டும் வீடு: அது ஓரவஞ்சனையா?

வாசகர் கேள்வி:

வணக்கம் வக்கீலம்மா. நான் சேலம் அம்மாபேட்டைல இருக்கேன், வயசு 66. எங்க வீட்டுக்காரர் தறி ஓட்டிட்டு இருந்தவர், போன வருஷம் தவறிட்டார். மூணு புள்ளைங்க. பெரிய பொண்ண ஈரோட்டுல கட்டிக் குடுத்திருக்கோம், நகை சீரெல்லாம் செஞ்சாச்சு. அடுத்து பையன், இன்ஜினியர், அவனுக்கும் கல்யாணம் பண்ணி வச்சாச்சு, பெங்களூர்ல ஐடி கம்பெனி, சொந்தமா பிளாட் வாங்கியிருக்கான், லோன் ஓடிட்டு இருக்கு. சின்ன பொண்ணு பிளஸ் டூவோட நின்னுட்டா. அண்ணன் காலேஜ் ஃபீஸுக்கே ஒரு தறிய வித்தோம், அதனால அவள மேல படிக்க வைக்க முடியல, தறிக்கு நூல் சுத்தற வேலைக்கு, அதான் தார் சுத்த, உக்கார வச்சுட்டோம். கல்யாணம் பண்ணி வச்சது சரியா வரல, திரும்பி வந்துட்டா. அவங்கப்பா பக்கவாதம் வந்து 6 வருஷம் படுக்கையில இருந்தப்போ அவதான் எல்லாம் பாத்தா, இப்ப என்னையும் அவதான் பாக்கறா. பையனும் மாசாமாசம் பணம் அனுப்பினான், இல்லன்னு சொல்ல மாட்டேன். வீடு என் பேர்ல இருக்கு, அதை சின்னவளுக்கே எழுதிடலாம்னு இருக்கேன். கருப்பூர் பக்கம் அவர் பேர்ல ஒரு காலி சைட் இருக்கு, அதை பையனுக்கு குடுத்துடலாம். இதை சொன்னதுக்கு பையன், "மூணு பேரும் உன் புள்ளைங்கதானே, சட்டமே எல்லாரும் சமம்னு சொல்லுது, நீ ஓரவஞ்சனை பண்றே"ன்னுட்டான். அன்னையில இருந்து எனக்கு சோறு எறங்கல. நான் பண்றது தப்பாங்க?

பதில்:

வணக்கம்மா. மொதல்ல பதில சொல்லிடறேன், அப்பறம் விவரமா பேசலாம். சின்னவளுக்கு கூட குடுக்கணும்னு நீங்க நினைக்கறது தப்பே இல்லைங்க, உங்க வீட்டு நெலமைல அதுதான் நியாயம்னு எனக்கும் படுது. ஆனா நீங்க போட்டிருக்கற பிளான் அப்படியே சரின்னு சொல்ல மாட்டேன். பெரிய பொண்ணு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல, சைட் விஷயத்துல சட்டமே குறுக்க நிக்குது. ரெண்டையும் சொல்றேன்.

உங்க பையன் மேல கோவப்படாதீங்க. அவர் கேட்டது நல்ல கேள்விதான். "எல்லாருக்கும் சமம்"ங்கறதுதான் நம்ம ஊர்ல பொண்ணுங்கள காப்பாத்தினது. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பொம்பளைங்களுக்கும் சொத்துல சம உரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. பரம்பரை சொத்துல மகளுக்கும் மகனுக்கு சமமா பங்குன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தது எப்போன்னு பாருங்க, 1989-ல, அறுவது வருஷம் கழிச்சு, அதுவும் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாதுன்னு ஒரு கோடு போட்டுதான் வந்தது, நாடு முழுக்க வர 2005 ஆச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு வீட்லயும் பொண்ணுக்கு கம்மியா குடுக்க ஒரு காரணம் ரெடியா இருந்தது. அவ வேற வீட்டுக்கு போறவ, இவன்தான் கொள்ளி போடப் போறவன், சீர் செஞ்சாச்சு இல்ல, இப்படி. அந்த காரணம் ஒண்ணொண்ணையும் சொன்ன அப்பா அம்மா யாரும் கெட்டவங்க இல்ல, அவங்க மனசுக்கு அது நியாயமாத்தான் பட்டிருக்கு. அதனாலதான் நான் எப்பவும் சமத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு சொல்றது. அதுல இருந்து ஒருத்தர் விலகணும்னா காரணம் சொல்ல வேண்டியது விலகறவங்க பொறுப்பு. கம்மியா வாங்கறவங்க போய் "எனக்கு ஏன் கம்மி"ன்னு கெஞ்சற மாதிரி இருக்கக் கூடாது. இங்க நீங்க விலகறீங்க, அதனால காரணத்தை நீங்கதான் சொல்லணும், உங்க பையனுக்கு அதை கேக்கற உரிமை இருக்கு.

அவர் "சட்டமே சமம்னு சொல்லுது"ன்னாரே, அது பாதி சரி. நீங்க உயில் எதுவும் எழுதாம போயிட்டா உங்க பேர்ல இருக்கறது மூணு பேருக்கும் சம பங்கா போகும், 1956 இந்து வாரிசுரிமை சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஆனா உங்க சொந்த சொத்தை யாருக்கு வேணும்னாலும் உயில் எழுதி வைக்க அதே சட்டம் உங்களுக்கு முழு உரிமை குடுக்குது. அரசியல் சட்டத்துல இருக்கற 14-வது பிரிவு, சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம்ங்கறது, அது அரசாங்கத்தை கட்டிப் போடறதுக்கு எழுதினது, உங்க வீட்டு பீரோவுக்குள்ள அது வராது. அதனால கோர்ட் கணக்குல உங்க பையன் வாதம் நிக்காதுங்க.

ஆனா நீங்க எங்கிட்ட கேட்டது சட்டப்படி முடியுமான்னு இல்ல, தப்பான்னுதான். அதுக்கு அந்த 14-வது பிரிவ நம்ம கோர்ட்டுங்க எழுபது வருஷமா எப்படி படிச்சிருக்காங்கன்னு பாத்தா நல்ல வழி கெடைக்குது. சுதந்திரம் வந்த புதுசுல மேற்கு வங்காள அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு, சீக்கிரம் விசாரிக்கணும்னு எந்த கேஸை வேணும்னாலும் ஸ்பெஷல் கோர்ட்டுக்கு அனுப்பிக்கலாம்னு. அங்க போனா குத்தம் சாட்டப்பட்டவருக்கு சாதாரண கோர்ட்ல இருக்கற பாதுகாப்பு பலதும் கெடையாது. 1952-ல சுப்ரீம் கோர்ட் அதை செல்லாதுன்னுட்டாங்க. ஆளாளுக்கு வித்தியாசமா நடத்தவே கூடாதுன்னு அவங்க சொல்லல, வித்தியாசப்படுத்தலாம், ஆனா இவங்கள மட்டும் ஏன் தனியா பிரிச்சேங்கறதுக்கு வெளிப்படையா ஒரு அடையாளம் இருக்கணும், அந்த அடையாளத்துக்கும் நீ செய்ய நினைக்கற காரியத்துக்கும் சம்பந்தம் இருக்கணும்னாங்க. அந்த சட்டத்துல அது இல்ல, எந்த கேஸ்ங்கறது முழுக்க அரசாங்கத்தோட இஷ்டம். இஷ்டத்துக்கு பிரிச்சா அநியாயம், காரணத்தோட பிரிச்சா நியாயம் ஆகலாம், இவ்வளவுதான்.

நம்ம பக்கத்துலயே பாருங்க. ஏற்காடு சட்டமன்ற தொகுதி எஸ்டி தனித்தொகுதி, தமிழ்நாட்டுல இருக்கற 234-ல ஏற்காடும் சேந்தமங்கலமும் ரெண்டே ரெண்டுதான் அப்படி. அங்க மலையாளின்னு சொல்ற மலைவாழ் பழங்குடி ஆளுங்க (கேரளாக்காரங்க இல்ல) மாதிரி எஸ்டி சமூகத்துக்காரங்க மட்டும்தான் எலெக்ஷன்ல நிக்க முடியும், மத்தவங்க அந்த தொகுதில எத்தனை தலைமுறையா இருந்தாலும், எஸ்டேட்டே வச்சிருந்தாலும் நிக்க முடியாது, ஓட்டு மட்டும் போடலாம். மேலோட்டமா பாத்தா சமம் இல்லதான். ஆனா அந்த ரிசர்வேஷன் இல்லன்னா சேர்வராயன் மலைல காலங்காலமா இருக்கற சனத்துல இருந்து ஒருத்தர் சட்டசபைல போய் உக்காந்திருப்பாரான்னு யோசிங்க. காரணம் இருக்கு, காரணத்துக்கும் செய்யறதுக்கும் நேர் சம்பந்தம் இருக்கு. அதே மாதிரிதான் 2020-ல கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம்னு சட்டம் வந்தப்போ, எங்க புள்ள மார்க் கூட எடுத்தும் சீட் போச்சேன்னு சில பேர் கேஸ் போட்டாங்க. 2022-ல சென்னை ஹைகோர்ட் சட்டம் செல்லும்னு சொன்னாங்க, கூடவே அஞ்சு வருஷத்துக்குள்ள இதை மறுபடி பாக்கணும், அதுக்குள்ள கவர்மெண்ட் ஸ்கூல் தரத்தை ஏத்தணும்னாங்க. அந்த ரெண்டாவது பாதிய நீங்க கவனிக்கணும், கூட குடுக்கறது எந்த அளவுக்கு, எத்தனை காலத்துக்குங்கறதையும் கேட்டுதான் ஆகணும்.

இப்ப உங்க வீட்டுக்கு வரேன். சின்னவளுக்கு ஏன் கூடன்னு கேட்டா உங்ககிட்ட என்னென்ன காரணம் இருக்கு?

பாசம்னு சொன்னா அது காரணம் ஆகாதுங்க, மூணு பேர் மேலயும் பாசம் இருக்கும். பாவம், தனியா இருக்கா, அப்படின்னா அதுல கொஞ்சம் இருக்கு. ஆனா உங்க கடிதத்துல அதை விட பலமான விஷயம் ரெண்டு இருக்கு, நீங்க அதை போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க.

ஒண்ணு அந்த 6 வருஷம். பக்கவாதத்துல படுத்தவர பாக்கறதுன்னா வெளிய இருந்து சொல்றவங்களுக்கு "கூட இருந்தா"ன்னு ஒரு வார்த்தைல முடிஞ்சிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகுலயும் இடுப்புலயும் புண்ணு வந்துடும், ராத்திரின்னு அதுக்கு லீவு கெடையாது. முழுங்க சிரமப்படறவருக்கு சாப்பாட்ட கொழைச்சு தலைய நிமித்தி புடிச்சு ஒவ்வொரு வாயா குடுக்கணும், அவசரப்பட்டா புரை ஏறிடும். மல மூத்திரம் எடுக்கணும், துணி மாத்தணும், பிசியோதெரபிக்காரர் சொல்லிக் குடுத்ததை தெனமும் கை கால் நீட்டி மடக்கி செய்யணும், ஜி.ஹெச்சுக்கு ஆட்டோ வச்சு தூக்கிட்டு போகணும். இதை 6 வருஷம் ஒரே ஆளு செஞ்சிருக்குன்னா அந்த ஆளு அந்த 6 வருஷத்துல வேற வேலைக்கு போகல, காசு சேக்கல, பி.எஃப் இல்ல, மறுபடி ஒரு வாழ்க்கை அமைச்சுக்க யோசிக்கக்கூட நேரம் இருந்திருக்காது. அப்பாவ பாத்ததுக்கு கூலியான்னு யாராவது கேப்பாங்க. கூலி இல்லைங்க. மூணு பேரும் சேந்து சுமக்க வேண்டியதை ஒருத்தி சுமந்ததுல அவ எழந்ததை கொஞ்சமாவது திருப்பி வைக்கறது. உங்க பையன் பணம் அனுப்பினதையும் நான் குறைச்சு சொல்லல, அது இல்லாம மருந்து வாங்கியிருக்க முடியாது, அதையும் கணக்குல வைக்கணும். ஆனா பணம் அனுப்பினவருக்கு பெங்களூர்ல சம்பளமும் ஏறிக்கிட்டேதான் இருந்தது, இவளுக்கு எதுவும் ஏறல.

ரெண்டாவது அந்த தறி. இதை நான் கொஞ்சம் அழுத்தி சொல்ல ஆசைப்படறேன். அண்ணன் ஃபீஸுக்கு தறிய வித்தீங்க, இவள தார் சுத்த உக்கார வச்சீங்க. அந்த நாள் நீங்க சமமா பங்கு போடல. போட முடியாத நெலமை, அது எனக்கு புரியுது, ஒரு தறிக்கு ரெண்டு பேர் படிப்பு வராது, ஒருத்தர தேர்ந்தெடுத்தீங்க, அப்போ எல்லா வீட்லயும் பையனத்தான் தேர்ந்தெடுத்தாங்க. அந்த தறி பணம் பையன் கைல டிகிரியா மாறி வேலையா மாறி பிளாட்டா நிக்குது. இன்னைக்கு "எல்லாருக்கும் சமம்"னு சொல்றப்போ கணக்க இன்னையில இருந்து ஆரம்பிக்கறோம், முன்னாடி ஒருத்தருக்கு குடுத்தத கழிக்காம. அப்படி பாத்தா மூணு சம பங்குங்கறது மேல பாக்கத்தான் சமம், உள்ள சின்னவளுக்கு ரெண்டாவது தடவையும் கம்மிதான் வருது. இதை உங்க பையன்கிட்ட குத்திக் காட்டற மாதிரி சொல்லாதீங்க, அவர் அப்போ பதினேழு பதினெட்டு வயசு பையன், முடிவு எடுத்தது நீங்களும் உங்க வீட்டுக்காரரும். ஆனா அவருக்கு நெனப்பூட்டுங்க. படிச்சவர், நிதானமா கேட்டா அவருக்கே புரியும்னு நம்பறேன்.

இன்னொன்னும் இருக்கு. அம்மாபேட்டைல ஒரு தறிக்காரர் வீட்ட வித்து மூணா பிரிச்சா பையனுக்கு அந்த பங்கு லோன்ல ஒரு பகுதிய அடைக்கும், பெரியவளுக்கு பேங்க்ல கெடக்கும், சின்னவளுக்கு தலைக்கு மேல கூரையே போயிடும், அவ பங்க வச்சு டவுனுக்குள்ள ஒரு ரூம் கூட வாங்க முடியாது. மூணு பேருக்கும் ஒரே தொகை, ஆனா ஒருத்திய மட்டும் அது தெருவுல விடுது.

நான் வழக்கமா ஒரு கேள்வி கேப்பேன், நீங்களும் உங்கள கேட்டுப் பாருங்க. இதே மாதிரி படிப்ப விட்டுட்டு தார் சுத்தி, அப்பாவ 6 வருஷம் பாத்தது உங்க பையனா இருந்து, சின்னவ பெங்களூர்ல பிளாட்டோட இருந்தா, வீட்ட பையனுக்கு எழுதுவீங்களா? ஆமான்னா உங்க காரணம் சுத்தமானது, அது ஆள பாத்து வரல, நடந்தத பாத்து வருது. எனக்கு தெரிஞ்சு நீங்க ஆமான்னுதான் சொல்வீங்க.

அதே கேள்விய பெரிய பொண்ணுக்கும் கேளுங்கம்மா. உங்க கடிதம் முழுக்க அவ ஒரே ஒரு வரில வந்துட்டு போயிட்டா, நகை சீரெல்லாம் செஞ்சாச்சுன்னு. சைட்ட பையனுக்குன்னு எழுதியிருக்கீங்க, அவளுக்கு என்னன்னு ஒரு வார்த்தை இல்ல. பையனுக்கு கல்யாணம் செஞ்சீங்களே, அந்த செலவ அவர் பங்குல கழிச்சீங்களா? இல்ல இல்லையா. அப்ப பெரியவளுக்கு மட்டும் கழிக்கறது எந்த காரணத்துக்கு, பொண்ணாப் பொறந்ததுக்கா? நான் மேல சொன்ன அந்த பழைய காரணம்தான் இது, ஒரு பொண்ணுக்கு நியாயம் செய்யப் போய் இன்னொரு பொண்ணுகிட்ட பழைய அநியாயத்தை தொடர்றோம். சின்னவளுக்கு கூட குடுக்க உங்ககிட்ட காரணம் இருக்கு, ஆனா பெரியவளுக்கு பையன விட கம்மியா குடுக்க உங்ககிட்ட ஒரு காரணமும் இல்ல. அவங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கறவங்க. அவங்களுக்குள்ள சமம்தான்.

சட்டம் குறுக்க நிக்குதுன்னு சொன்னேனே, அது இந்த இடம்தான். சைட் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, அவர் சொந்தமா சம்பாதிச்சு வாங்கினது, உயில் எழுதாம போயிட்டார்னு வச்சுக்கறேன். அப்படின்னா அவர் போன நிமிஷமே அது நாலு பங்கா ஆயிடுச்சு, உங்களுக்கு கால், மூணு புள்ளைங்களுக்கு ஆளுக்கு கால். உங்க மாமியார் இன்னும் இருக்காங்கன்னா அவங்களுக்கும் ஒரு பங்கு, அப்ப அஞ்சா ஆயிடும். ஆக, அந்த சைட்ட பையனுக்குன்னு நீங்க தனியா முடிவு பண்ண முடியாது, பெரியவ பங்கு ஏற்கனவே அவளோடது. இது ஒரு வகைல நல்லதுதான். எனக்கு தோணற வழி என்னன்னா, வீடு சின்னவளுக்கு போகுதுங்கறதால சைட்ல இருக்கற அவ கால் பங்கையும் உங்க கால் பங்கையும் பெரியவளுக்கும் பையனுக்கும் விடுதலைப் பத்திரம் (பங்க விட்டுக் குடுக்கற பத்திரம்) போட்டுக் குடுத்துடுங்க, அவங்க ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கட்டும். வீட்டு மதிப்பும் சைட் மதிப்பும் ஒண்ணா இருக்காது, இருக்கணும்னும் இல்ல, ஆனா யாரும் வெறுங்கையோட போகல, சின்னவளும் ஒண்ண விட்டுக் குடுக்கறா. கூட குடுக்கறதுக்கு ஒரு அளவு வேணும்னு சொன்னேன் இல்ல, அந்த அளவு இங்க வருது. ஆனா விடுதலைப் பத்திரம் போட்டா திரும்ப வாங்க முடியாது, அதனால சின்னவகிட்ட நல்லா விளக்கி அவ மனசார ஒத்துக்கிட்டா மட்டும்தான்.

அடுத்து வீடு. உங்க பேர்லதான் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எது உங்க பேர்ல இருக்கு, பத்திரமா, வீட்டு வரி ரசீதா, கரண்ட் பில்லா? எங்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் வரி ரசீத வச்சுக்கிட்டு வீடு என்னோடதுன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. பத்திரம் அவர் பேர்ல இருந்து வரி மட்டும் உங்க பேருக்கு மாத்தியிருந்தா வீடும் சைட் மாதிரியே நாலு பங்குதான், அப்ப பேச்சே வேற. பத்திரமே உங்க பேர்ல இருந்தா, அது அவர் காசுல வாங்கினதா இருந்தாலும், பத்திரத்துல யார் பேரோ அவங்கதான் சொந்தக்காரங்கன்னுதான் கோர்ட் ஆரம்பிக்கும், இல்லன்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும். பையனோ வேற யாரோ "அப்பா காசுதானே"ன்னு நாளைக்கு சொல்லலாம், அதனால பத்திரம் யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு ஒரு வில்லங்க சான்று போட்டு உறுதிப்படுத்திக்குங்க.

எழுதறது செட்டில்மெண்டா உயிலான்னா நான் உயில்னுதான் சொல்வேன். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவு பண்ணி அவ ஏத்துக்கிட்டா அன்னைக்கே வீடு அவளோடது, அப்பறம் நீங்களா ரத்து பண்ண முடியாது. உங்க பொண்ணு மேல சந்தேகப்பட்டு சொல்லல, ஆனா வாழ்க்கைல என்ன வரும்னு யாருக்கு தெரியும், 66 வயசுல கைல இருக்கற ஒரே வீட்ட விடக் கூடாது. எழுதிக் குடுத்துட்டு வாசல்ல நின்ன அம்மாக்களுக்கும் வழி சொல்ற மாதிரிதான் 2007-ல மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம் வந்தது. பாத்துக்கணும்ங்கற நிபந்தனைய பத்திரத்துலயே எழுதி, அதை மீறினா ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) தலைமைல இருக்கற தீர்ப்பாயத்துல போய் ரத்து கேக்கலாம்னு அதுல 23-வது பிரிவு இருக்கு. ஆனா அந்த படி ஏறற நெலமை எதுக்கு? உயிலா இருந்தா உங்க காலம் வரைக்கும் வீடு உங்களோடது, மனசு மாறினா மாத்தி எழுதலாம், ஸ்டாம்ப் பேப்பரும் தேவையில்ல. ரெண்டு சாட்சி கையெழுத்து கட்டாயம் வேணும். பதிவு கட்டாயம் இல்ல, ஆனா உங்க விஷயத்துல பதிவு பண்ணிடுங்க. நல்ல நெனவோட இருக்கீங்கன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கி வச்சுடுங்க.

ஒரு முக்கியமான விஷயம், உயில் எழுதவும் பதிவு பண்ணவும் சின்னவள கூட்டிட்டு போகாதீங்க, அவ ஃபிரெண்டு யாரையும் சாட்சி போடவும் வேண்டாம். சொத்து யாருக்கு வருதோ அவங்களே முன்ன நின்னு உயில எழுத வச்சாங்கன்னு வந்துட்டா கோர்ட் அதை சந்தேகத்தோடதான் பாக்கும். அதே மாதிரி, புள்ளைங்க சிலரை ஒதுக்கின உயில்னா ஏன் ஒதுக்கினாங்கன்னும் கேள்வி வரும். அதனால உயில்லயே காரணத்த எழுதுங்க. சின்னவ எத்தனை வருஷம் அப்பாவ பாத்தா, படிப்ப ஏன் விட்டா, பையன் படிப்புக்கு தறி வித்தது, பையன் மாசாமாசம் பணம் அனுப்பினது, பெரியவளுக்கும் பையனுக்கும் சைட்ட ஏன் சமமா விட்டது, எல்லாமே உங்க வார்த்தைல, யாரையும் குறை சொல்லாம. செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருந்த ஒருத்தரோட குடும்பம் எங்கிட்ட வந்தாங்க, அப்பா பட்டறைய மூணு பையன்ல நடு பையனுக்கு எழுதி வச்சுட்டு போயிட்டார், உயில் ரெண்டே பாரா, ஏன்னு ஒரு வரி இல்ல. நடு பையன்தான் சின்ன வயசுல இருந்து அப்பா கூட பட்டறைல உக்காந்தவர், பத்த வைக்கறது, மெருகு போடறதுன்னு எல்லாம் தெரிஞ்சவர், கடன அடைச்சதும் அவர்தான், அண்ணன் தம்பிக்கும் அது தெரியும். அவங்க எங்கிட்ட சொன்னது, "அவனுக்கு குடுத்தது கூட பரவால்லைங்க, எங்கள பத்தி ஒரு வார்த்தை எழுதல பாருங்க, நாங்க என்ன தப்பு பண்ணோம்?" கேஸ் வருஷக்கணக்கா ஓடுச்சு. நாலு வரி இருந்திருந்தா அந்த கேஸே வந்திருக்காதுன்னு நான் இன்னமும் நம்பறேன்.

எழுதறதுக்கு முன்னாடி வாயால சொல்லணும். கம்மியா வாங்கறவங்க மொகத்த பாத்து சொல்ல முடியாத காரணம்னா அதை நான் காரணமாவே எடுத்துக்க மாட்டேன். பொங்கலுக்கோ ஆடிப் பண்டிகைக்கோ மூணு பேரும் வர்றப்போ, மருமகன் மருமகள் இல்லாம, உங்க நாலு பேர மட்டும் வச்சு பேசுங்க. சின்னவள பேச விடாதீங்க, அவளுக்காக நீங்க பேசுங்க, இல்லன்னா அவ கேட்டு வாங்கின மாதிரி ஆயிடும். பையன் வருத்தப்படுவார், ரெண்டு மாசம் போன் பேசாம கூட இருப்பார், அதுக்காக அவர் சொல்றத கேக்காம விட்டுடாதீங்க. அவர் வீட்ட கேக்கலாம், இல்ல அவரும் உங்க புள்ளைன்னு உங்க வாயால கேக்க ஆசைப்படலாம், எதுன்னு பேசினாத்தான் தெரியும். அவர் பக்கத்துல நியாயமா ஒண்ணு இருந்தா, லோன்ல ரொம்ப கஷ்டத்துல இருக்கார்னா, அதுக்கு ஏத்த மாதிரி சைட் பங்க பெரியவ சம்மதத்தோட மாத்திக்கலாம். அதுவும் காரணத்தோட விலகறதுதான்.

பேச்சு வார்த்தை சண்டையா போச்சுன்னா அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, அங்க போய் சமரசத்துக்கு கேளுங்க. 1987 சட்டப்படி பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, உங்களுக்கும் உண்டு, உங்க ரெண்டு பொண்ணுங்களுக்கும் உண்டு. பையனுக்கு அவர் சம்பளத்துக்கு கெடைக்காது, அவர் வக்கீல் வச்சுக்கணும்.

எங்கிட்ட வர்றதா இருந்தா வீட்டுப் பத்திரம் ஒரிஜினல், அதுக்கு முந்தின மூலப் பத்திரம் இருந்தா அது, சைட் பத்திரமும் பட்டாவும், உங்க வீட்டுக்காரர் இறப்பு சான்றிதழ், தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வாரிசு சான்றிதழ் எல்லாம் எடுத்துட்டு வாங்க, வாரிசு சான்றிதழ் இன்னும் வாங்கலன்னா அதுக்கு மொதல்ல அப்ளை பண்ணிடுங்க. அதுக்கும் முன்னாடி இன்னைக்கே பெரிய பொண்ணுக்கு ஒரு போன் போட்டு சைட்ல உனக்கும் பங்கு இருக்குன்னு சொல்லிடுங்கம்மா, அது அவளுக்கு தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கறேன்.